லோன்றிப் படத்தின் கடைசிச் சுருள்

என் மகள் ஆபத்தான வேலை எதுவும் பார்ப்பவள் அல்ல. பழைய அமெரிக்கப் படச்சுருள்களைத் தேடி எடுத்து, தூசி தட்டி, கணினிக்கு மாற்றி, நாலு பேருக்குப் போட்டுக் காட்டுகிறாள். இதற்காகப் பயப்படும் தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சுருள் இருக்கும் தகர டப்பாவை அவள் திறக்கும்போது மூடி விரலை வெட்டிவிடும் என்று பயப்படுவேன். மூடி வெட்டவில்லை என்றால், பழைய படலம் கெட்டு உள்ளேயிருந்து வரும் புளித்த வினாகிரி வாசனை நெஞ்சுக்கு ஆகாது என்று பயப்படுவேன். வாசனை வரவில்லை என்று அவள் சொன்னால், மூக்கடைப்பு வந்துவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கணவர் அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர், தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவர். எங்களுக்கு இவள் ஒருத்திதான். படித்து முடித்ததும் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய கலியாண வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது அங்கே வேலை. நான் தினமும் தொலைபேசியில் இரண்டே கேள்விகள் கேட்பேன். "சாப்பிட்டியா? சுவெட்டர் போட்டியா?" கொழும்பில் சுவெட்டர் போட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. கேட்காமல் போனை வைக்க மனசு வரவில்லை. அந்தச் சுவெட்டர் நானே பின்னியது. ஊதா நிறம். ஒரு கை மற்றக் கையைவிட நீளம். நீளமான கையை மடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நான் சொல்வேன். எல்லாருக்கும் தெரியும் என்று அவள் சொல்வாள்.

ஸ்டூடியோவில் வேலை குறைந்தபோது அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எனக்கு உள்ளூர சந்தோஷம். பிள்ளைக்கு வேலை போனதற்குச் சந்தோஷப்பட்ட தாய் என்று கோயிலில் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அந்தச் சந்தோஷம் அவள் துரைமார் கிளப்பைக் கண்டுபிடிக்கும் வரைதான்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே, மலைச்சரிவில், ஒரு காலத்தில் துரைமார் குடித்து ஆடிய கிளப் இருந்தது. இப்போது அதை ஒரு ஹோட்டல்காரர் சாமான் போடும் அறையாக வைத்திருந்தார். அங்கே பின்னறை அலமாரியில் தகர டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் அமெரிக்கப் படங்கள். துரைமார் பார்ப்பதற்காக எப்போதோ வந்து, திருப்பி வாங்க ஆளில்லாமல் அப்படியே தங்கிவிட்டவை. பெயர் பெற்ற நடிகர் ஒருவரும் அவற்றில் இல்லை. எடுத்தவர்களே மறந்துபோயிருக்கக்கூடிய சின்னப் படங்கள். ஹோட்டல்காரர், "குப்பையைக் கொண்டு போனா எனக்கு லாபம்தான்" என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

"அமெரிக்காக்காரனே மறந்துட்டான். ஒனக்கு என்னடி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதனாலதாம்மா," என்றாள்.

அவள் ஒரு பழைய புரொஜெக்டரைப் பிரித்து, அதற்குள் கமராவைப் பொருத்தி, ஒவ்வொரு சுருளாகக் கணினிக்கு மாற்ற ஆரம்பித்தாள். அதிலொன்றுதான் லோன்றிப் படம். அதன் உண்மையான பெயர் எங்களுக்குத் தெரியாது. முதல் சுருளின் தொடக்கம் சிதைந்து, பெயர் போடும் இடம் போய்விட்டது. கதையில் ஒரு தாய் வறண்ட ரயில் நிலைய ஊர் ஒன்றில் லோன்றி, அதாவது சலவைக்கடை, வைத்து நடத்துகிறாள். அவளுடைய மகள் பட்டணத்துக்குப் போய் டெலிபோன் ஒப்பரேட்டராக ஆசைப்படுகிறாள். சண்டை இல்லை, கொலை இல்லை, முத்தமும் இல்லை. துணிதான் துவைக்கிறார்கள். ஆகவே லோன்றிப் படம்.

மகள் அதன் சில காட்சிகளை அமெரிக்காவில் பழைய படங்களைக் காப்பாற்றும் ஒரு நிலையத்துக்கு அனுப்பினாள். அவர்கள் துள்ளிக் குதிக்காத குறை. அந்தப் படத்தின் பிரதி வேறெங்கும் இருப்பதாகத் தங்களுக்குத் தெரியாது, சுருள்களோடு அவளும் வந்தால் ஒரு வருடம் தங்களிடம் பயிற்சி பெறலாம், செலவு தங்களுடையது என்று பதில் எழுதினார்கள். அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, போகட்டுமா என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள், "யோசிப்போம்மா, அவசரமில்ல" என்று சொல்லி எழுந்து போனாள். என் முகம் அவ்வளவு திறமையானது.

அப்போதுதான் அந்த மழை வந்தது.

அந்த மழையில் எங்கள் பக்கத்திலும் உயிர்கள் போயின. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன். மலை வெடிக்கிறது, மண் சரியும் என்று சொல்லி எல்லாரையும் பாடசாலைக்கு வரச் சொன்னார்கள். விடிந்தபோது மண்டபம் நிறைய ஆட்கள். நான் பேர் கூப்பிட்டுப் பிள்ளைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் பிள்ளைதான் இல்லை.

லோன்றிப் படத்தின் மூன்று சுருள்களை அவள் ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டு வந்து கணினிக்கு மாற்றியிருந்தாள். நான்காவது, கடைசிச் சுருள், கிளப் அலமாரியில் மிஞ்சியிருந்தது. அதை எடுக்கப் போய்விட்டாள். அங்கிருந்த காவலாளி, "எப்பா மிஸ், எப்பா!" என்று சிங்களத்தில் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி, கடைசியில் அவரே அலமாரியை இழுத்துத் திறந்து கொடுத்தாராம். மழைக்கோட்டுக்குள் டப்பாவை அணைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது நான் அவளை அடித்தேன். பிறகு துவாலையால் தலை துவட்டினேன். பாதி துவட்டும்போது கோபம் வந்து மறுபடி அடித்தேன். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அன்று காலை அது ஒன்றுதான் வேடிக்கை.

மத்தியானம் கிளப்பின் பின்பக்கம் மண்ணோடு இறங்கிப் போனது. அலமாரி இருந்த அறை இப்போது கீழே ஓடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

இன்றைக்கும் தகரக் கூரையில் நாலு துளி விழுந்தால் நான் எழுந்து உட்கார்ந்து அவள் எங்கே என்று கேட்கிறேன். அவள் அடுத்த அறையில் இருந்தபோதும் அப்படித்தான் கேட்டேன். என் கணவர் அதற்குப் பதில் சொல்லப் பழகி, இப்போது தூக்கத்திலேயே சொல்கிறார்.

டப்பாவுக்குள் தண்ணீர் போயிருந்தது. கொழும்பில் பழைய படங்களைப் பாதுகாக்கும் வேலையிலிருந்த அவளுடைய தோழி ஒருத்தி, நனைந்த சுருளை எக்காரணம் கொண்டும் காயவிடாதே, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு வை, பாதை திறந்ததும் கொண்டு வா, நாங்கள் கழுவிப் பிரித்து முறையாகக் காயவைக்கிறோம் என்று சொன்னாளாம். வீட்டுக்குத் திரும்பியதும் மகள் சுருளை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவிட்டு, தட்டால் மூடி, குசினிக்குப் பின்னால் வைத்தாள். "அம்மா, இதத் தொடாதீங்க" என்றும் சொன்னாள். சொன்னது காதில் விழுந்தது. மழை விட்டு, தொழிற்சாலை மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, கொழும்புக்குப் போக வாகனம் கிடைக்குமா என்று பார்க்க அவள் தலவாக்கலைக்கு இறங்கினாள்.

நான் தட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

உயிரைக் கொடுத்துக் கொண்டு வந்த பொருள் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பிள்ளை களைப்பில் ஏதோ தவறு செய்துவிட்டது என்று நினைத்தேன். காலம் முழுவதும் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் வாழ்ந்தவள் நான். எங்கள் ஊரில் ஈரமான எதைக் கண்டாலும் செய்வது ஒன்றுதான். பச்சைக் கொழுந்தை வாட்டாமல் தேயிலை ஏது? நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கணவரிடம் போனேன். கொழுந்து வாட்டும் மாடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். நீளமான வலைத் தொட்டிகளில் கொழுந்து பரப்பியிருந்தது. அடியிலிருந்து விசிறி இளஞ்சூட்டுக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இதக் கொஞ்சம் வாட்டிக் குடுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "இது என்ன எலை?"

"ஒங்க மக உசிரக் குடுத்து எடுத்துட்டு வந்த எலை."

"அவ தண்ணியில போட்டு வச்சிருக்காளே?"

"அவளுக்கு ஈரத்தப் பத்தி என்னங்க தெரியும்? கொழும்புல இருந்தவ."

அவர் சுருளின் ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். கொழுந்தைப் பார்ப்பது போலவே பார்த்தார். "புளிச்ச வாசம் அடிக்குது. இதுக்கு மேல விட்டா கெட்டுரும்" என்று தீர்ப்புச் சொன்னார். இருவரும் சேர்ந்து தொட்டி ஓரத்தில் கொழுந்தைக் கொஞ்சம் ஒதுக்கிச் சுருளைப் படுக்க வைத்தோம். நடுவில் அவர் ஒருமுறை அதைத் திருப்பிவிட்டார். நான் கீழே போய் அவருக்கு பிளேன்டீ ஊற்றிக் கொண்டு வந்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு குடித்தோம்.

மகள் வந்தாள். நான் காய்ந்த சுருளைத் துணியில் சுற்றி அவளிடம் நீட்டினேன். பரிசு கொடுப்பது போல நீட்டினேன் என்பதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. அவள் வாங்கினாள், தட்டிப் பார்த்தாள். மரக்கட்டை போலச் சத்தம் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றியிருந்த படலம் முழுவதும் ஒட்டிப்பிடித்து வெல்லக் கட்டியாகியிருந்தது. ஓரங்கள் அப்பளமாக நெளிந்திருந்தன.

"தண்ணியில வச்சிருந்தேனேம்மா," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

என் கணவர் மட்டும், "வாட்டுன வரைக்கும் சரியாத்தான் வாட்டுனேன்" என்று தொழில் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

கொழும்புத் தோழி கையை விரித்துவிட்டாள். ஈரமாக இருந்திருந்தால் இங்கேயே பிரித்திருக்கலாம். ஒட்டிக் காய்ந்த சுருளைப் பிரிக்க அந்த அமெரிக்க நிலையத்தால் முடிந்தால் உண்டு. முடியும் என்றும் உறுதியில்லை.

அதன்பிறகு அவள் பயணம் பற்றிப் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. ஆனால் அந்த நிலையத்துக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சுருளைப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பலாமே என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "தபால்காரரு வெயில்ல வச்சிருவாரும்மா. வெயில்ல வச்சா என்னாகும்னு ஒங்களுக்குத் தெரியும்ல" என்றாள்.

பாடசாலை மறுபடி திறந்த பிறகும், லயத்து வீடுகள் இடிந்துபோன தொழிலாளர் குடும்பங்கள் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் தகரக் குடில்களில் இருந்தன. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அவர்களுக்கு ஒரு பின்னேரம் லோன்றிப் படத்தைக் காட்டப் போவதாக மகள் அறிவித்தாள்.

"முடிவில்லாத படத்த யாருடி பாப்பா?"

"மூணு ரீல் நல்லாருக்கும்மா. டப்பாவுக்குள்ள கெடந்தா அது ஊறுகா. ஆளுங்க பாத்தாத்தான் படம்."

பாடசாலையின் மல்டிமீடியா புரொஜெக்டரை இரவல் வாங்கினோம். மடுவத்தின் குறுக்கே வெள்ளைப் போர்வை கட்டினோம். கோயில் தலைவர் ஒலிபெருக்கியையும் மைக்கையும் கொடுத்து, மைக்கைக் கீழே போட்டால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்று எச்சரித்தார். படத்தில் ஆங்கிலம். பார்ப்பவர்களுக்குத் தமிழ். ஆகவே ஆங்கில டீச்சர் மைக்கைப் பிடிப்பது என்று முடிவானது. வசனம் வரவர நான் தமிழில் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரங்களில் அதுதான் பெரியது. நான் அதை என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

முதல் சுருள் ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவதில் அந்தப் பெண் தாயிடம், "இந்த ஊரில் துணி அவிக்கிற புகையைத் தவிர வேறு எதுவும் மேலே போவதில்லை" என்கிறாள். அழகான வசனம். நான் மைக்கில், "அம்மா, நம்ம ஊரு காத்து ஒடம்புக்கு ரொம்ப நல்லதும்மா" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. ஒருமுறை வந்த பிறகு நிற்கவில்லை. அவள் ரயில் நேரம் விசாரிக்கிறாள். நான், "அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும், கடை எத்தன மணிக்குத் தொறக்கும்?" என்றேன். தாய், "உனக்கு இருபது வயதாகிவிட்டது, நான் தடுக்க முடியாது" என்கிறாள். நான், "சாப்பிட்டியாம்மா? மழையில நனையாத" என்றேன். அந்த ஊரில் மழையே பெய்யாது. படம் முழுக்கப் புழுதி.

முன்வரிசையில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்த்துத் தினமும் சண்டை பிடிப்பவர். முள் ஆடுவதைக் கண்டுபிடிக்கிறவருக்கு நான் ஆடுவது தெரியாமலிருக்குமா?

"டீச்சர், அந்தப் புள்ள கதவ டமார்னு சாத்திட்டுப் போவுது. நீங்க என்னமோ கொஞ்சுற மாதிரி சொல்றீங்க?"

"அமெரிக்காவுல அப்படித்தான் கொஞ்சுவாங்க," என்றேன்.

"பெட்டிய வேற அடுக்குது?"

"துவைச்ச துணிய மடிச்சு வைக்குது."

"மடிச்ச துணிய எதுக்கு டீச்சர் பெட்டிக்குள்ள வச்சு இறுக்கிப் பூட்டுது? கள்ளன் வர்றானா?"

மடுவமே சிரித்தது. மல்டிமீடியாவுக்குப் பக்கத்தில் நின்ற மகளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நான் மாற்றிய ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை. போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சுருள் முடியும்போது அந்தப் பெண் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். தூரத்தில் வண்டி வருகிறது. ஈரக் கையோடு தாய் லோன்றியிலிருந்து ஓடி வருகிறாள். அத்தோடு போர்வை வெள்ளையாகிவிட்டது.

"மத்தது எங்க?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான். கடைசி ரீலு கெட்டுப் போச்சு," என்றேன்.

"எப்படிக் கெட்டுச்சு?"

கோயில் தலைவர் முந்திக்கொண்டார். "டீமேக்கர் ஐயாவும் டீச்சரும் தேயில ஸ்டோருல வாட்டிட்டாங்க." தோட்டத்தில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

சிரிப்பு அடங்கியதும், எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்தப் புள்ள போயிருச்சு. நான் சொல்றேன்" என்றார். "எங்க போறது? ஆத்தாக்காரி வந்துட்டாள்ல, கையப் புடிச்சு இழுத்துருப்பா" என்றார் கோயில் தலைவர். அவ்வளவுதான். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும்போது எங்கள் தோட்டங்களில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிவார்கள். காமன் எரிந்தானா இல்லையா என்று ஒரு பக்கம் பாட, மறுபக்கம் மடக்கிப் பாடும். அந்தப் பழக்கம் கூட்டத்துக்குள் தானாகவே புகுந்துகொண்டது. போன கட்சி மடுவத்தின் இடப்பக்கம், போகாத கட்சி வலப்பக்கம். எங்கிருந்தோ ஒரு தப்பு மேளமும் வந்தது.

"பெட்டி தூக்கி வந்த புள்ள பெஞ்சியிலயா குந்தும்?" என்று அக்கா எடுத்துவிட்டார்.

"பெத்தவள விட்டுப் போனா சோறு தொண்டையில சிக்கும்!" என்று தலைவர் மடக்கினார்.

மழைக்குப் பிறகு அந்த ஆட்கள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். பெயர் தெரியாத ஓர் ஊரில், எப்போதோ துணி துவைத்த ஒரு தாயும் மகளும், அவர்களை வைத்து எங்கள் மடுவம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நான் மைக்கோடு வலப்பக்கம் நின்றிருந்தேன். யாரும் தள்ளவில்லை, நானாகவே போயிருந்தேன். "தாய்க்கு மனசு கேக்காதுங்க! அவ போக மாட்டா!" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டும் இருந்தேன். அடுத்த தோட்டம் வரை கேட்டதாம்.

அப்போது மகள் வந்து என் கையிலிருந்து மைக்கை எடுத்தாள். கீழே போடாமல், மரியாதையாக எடுத்தாள்.

"சண்டை போடாதீங்க. முடிவு அந்தக் காஞ்ச ரீலுக்குள்ள இருக்கு. நான் அத அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போறேன். பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

போன கட்சி எழுந்து நின்று கைதட்டியது. போகாத கட்சியும் தட்டியது. முடிவு தெரிந்தால் சரி என்பது அவர்கள் நிலை. நான் ஒருத்திதான் எந்தக் கட்சியிலும் இல்லாமல் நின்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கணவர், "நீ அத வாட்டாம விட்டிருந்தா, அவ கொழும்போட திரும்பி வந்திருப்பா" என்றார்.

"நீங்கதான வாட்டுனீங்க?"

"நீதான கொண்டாந்த?"

இருவரும் முன்னால் போன மகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவள் கைவிளக்கைப் பின்பக்கம் திருப்பி, எங்கள் காலடியில் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு போனாள்.

பயணத்துக்கு நான் சாமான் கட்டினேன். மாசிக் கருவாட்டுச் சம்பல், தூதுவளைப் பொடி, கணவர் தனியாக எடுத்து வைத்த நல்ல தேயிலை, தலைவலித் தைலம், அதற்கு மாற்றாக இன்னொரு தைலம். சுருளை மடியில்தான் வைத்துக்கொண்டு போவேன் என்றாள். வினாகிரி வாசனை அடிக்கிறதே, விமான நிலையத்தில் பிடித்து வைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஊறுகான்னு சொல்லிக்கிறேன்" என்றாள். ரயில் பாதை அப்போதும் சரியாகவில்லை. ஆகவே நிலையத்தில் நின்று கையசைக்கும் காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. ஹட்டன் வழியாகப் போகும் ஒரு வேனில் ஏற்றிவிட்டோம். வேன் கதவைச் சாத்தும்போது நான் ஏதோ கேட்க வாய் திறந்தேன். டிரைவர் ஹோர்ன் அடித்தார். போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், நாற்காலி முதுகில் ஊதாச் சுவெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

வருடக்கணக்கில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கியவள், கேட்க வேண்டிய ஒரே நாளில் கேட்கவில்லை. இரண்டு தைலம் வைக்கத் தெரிந்தது. நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அங்கே பனி கொட்டுகிறது என்று படம் அனுப்பினாள். யாரோ கொடுத்த பெரிய மேலங்கி ஒன்றைப் போட்டிருந்தாள். நான் சுவெட்டரை நாற்காலியிலிருந்து எடுக்கவே இல்லை. ஏன் என்று கணவர் கேட்டதற்கு, காயட்டும் என்றேன். அது ஈரமாகவே இல்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் செய்தி வந்தது. சுருளைப் பிரித்துவிட்டார்கள். முழுவதும் இல்லை. சில இடங்களில் படலம் உரிந்துபோய்விட்டது. ஆனால் முடிவு இருக்கிறது. அந்தச் சுருளின் வீடியோவை அனுப்பினாள். கூடவே ஒரு கட்டளையும் அனுப்பினாள்: "முன்னாடியே பாக்காதீங்கம்மா. பாத்தா வீட்டுலயே மாத்தி வச்சிருவீங்க."

பார்க்கவில்லை. இது சத்தியம். கையில் வைத்துக்கொண்டு பார்க்காமலிருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுபடி மடுவம், போர்வை, அம்மனின் மைக். இரண்டு கட்சியும் தத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. கணவர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் மகளின் முகம். இங்கே பொழுது சாயும்போது அங்கே அவளுக்கு விடிந்துகொண்டிருந்தது. இந்த முறை வசனத்தில் ஒரு எழுத்துக்கூட மாற்றுவதில்லை என்று நான் மனதுக்குள் உறுதி எடுத்திருந்தேன்.

படம் ஓடியது. ஓரங்களில் தேயிலைச் சாயம் போலக் கறை. வண்டி வந்து நிற்கிறது. பெண் ஏறிவிட்டாள், ஜன்னலோரம் இருக்கிறாள். தாய் மூச்சிரைக்க ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறாள். கெஞ்சப் போகிறாள் என்று போகாத கட்சி முன்னால் சாய்ந்தது. தாய் வாயைத் திறந்து ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

நான் மைக்கை வாயருகிலிருந்து இறக்கிவிட்டேன்.

"டீச்சர், என்ன சொல்றா?" என்றார் அக்கா.

"சுவெட்டர்..." என்றேன். "'சுவெட்டர் எடுத்துக்கிட்டியா?'ன்னு கேக்குறா."

மடுவம் அதிர்ந்தது. "ஆரம்பிச்சிட்டாங்க!" "அது ஒங்க வசனம் டீச்சர்!" "மைக்க வாங்குங்க தலைவரே!" நான் அம்மன் மேல் ஆணை என்றேன். பாடசாலை மேல் ஆணை என்றேன். உண்மையைச் சொல்லும்போது யாரும் நம்பாத நிலைமைக்கு நானே பாடுபட்டு வந்து சேர்ந்திருந்தேன். தலைவர் தொலைபேசியை வாங்கி மைக்கருகில் பிடித்தார். மகளின் குரல் மடுவம் முழுவதும் கேட்டது.

"இந்த ஒரு தடவ அம்மா சரியாத்தான் சொல்றாங்க."

எல்லாரும் போர்வைப் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண் பதில் சொல்ல வாய் திறக்கிறாள். அந்த இடத்தில் படலம் உரிந்து வெள்ளைப் பூப்போல ஒரு கறை விரிந்து அவள் முகத்தை மூடிக்கொண்டது. சத்தமும் கரகரத்து அடங்கியது. கறை விலகும்போது வண்டி இல்லை. நிலையத்தில் தாய் மட்டும் நிற்கிறாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்பி நடக்கிறாள். படம் முடிந்தது.

அந்தப் பதில் தொட்டி ஓரத்தில், இளஞ்சூட்டுக் காற்றில் போய்விட்டது. நாங்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது.

போன கட்சி தப்பை அடித்து வெற்றியைக் கொண்டாடியது. தலைவர் விடுவதாயில்லை. "போனது சரி. சுவெட்டர எடுத்துட்டுப் போச்சா, இல்லயா?" அது போதுமாயிருந்தது. எடுத்த கட்சி ஒருபக்கம், எடுக்காத கட்சி மறுபக்கம் என்று கூட்டம் எழுந்து இடம் மாறத் தொடங்கியது. அக்கா இடுப்பில் கையை வைத்து, "இங்கிலீசு தெரிஞ்சவங்க சொல்லட்டும். அந்தப் புள்ள வாய் அசைஞ்சுச்சுல்ல? என்ன டீச்சர் சொல்லிச்சு?" என்றார்.

தொலைபேசியில் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலங்கியின் கழுத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள்.

நான் மைக்கை வாயருகில் வைத்தேன். "எடுக்கல," என்றேன். "எனக்குத் தெரியும். அது எங்க வீட்டு நாக்காலியில கெடக்கு."

பிறகு அக்காதான் சொன்னார்.

"அப்ப அனுப்பி வைங்க டீச்சர். வாட்டாம அனுப்புங்க."